சுப்ரியாவுக்கு மெஷின் எடுத்த கதை

லேப்டாப் மட்டும் வாங்கிராதீங்க தம்பி. மொதல்லயே சொல்லிருதேன். ராஜபாளையத்துலருந்து பஸ் ஏறி என்னையத் தேடி வந்திருக்கீங்க. தென்காசில போயி ஆவுடையப்பன்ட்ட கேளு, அவன் சரியாச் சொல்லுவான்னு யாரோ சொல்லிவிட்டிருக்காங்க. சந்தோசம். உக்காருங்க. அய்யய்ய, ஸ்பீக்கர் மேல உக்காராதீங்க, இந்த நாற்காலிக்கு வாங்க. காபி போட வீட்ல ஆளில்ல, எதுத்த கடைல சொல்லிருக்கேன்.

மெல்லிசைக் குழு வச்சிருக்கீங்க. ஆளுகளக் கட்டி மேய்க்க முடியல. வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் பதிலா டிராக் போட்டு ஓட்டிரலாமான்னு பாக்கீங்க. அதானே? இதுல வெக்கப்பட என்ன இருக்கு? இன்னைக்கு எவன் போடல? நானே பார்த்திருக்கேன், ஒரு குழுவுல மேடையில நின்னு வயலின் வாசிக்கான், கிட்ட போயி பாத்தா வயலின்ல தந்தியே இல்ல.

லேப்டாப் ஏன் வேண்டாம்ங்கேன்? சேரன்மாதேவில ஒரு கல்யாணம். நல்ல டூயட்டு. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கப் போகுது, ஸ்க்ரீன் நீலமாச் சிரிக்குது. அப்டேட் ஆகுதாம். ‘தயவுசெய்து அணைக்காதீர்கள்’ங்கு. எப்படி இருக்கும் எனக்கு? மாப்பிள்ளையோட சேக்காளிங்க விசிலடிச்சு நாசம் பண்ணிட்டானுவ. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், பாட்டுக்குன்னே பொறந்த மெஷினாப் பாத்து எடுக்கணும், இன்னொரு வேலை தெரிஞ்ச மெஷினே கூடாதுன்னு. மனுசனும் அப்படித்தான். ரெண்டு வேலை தெரிஞ்சவன் ஒண்ணையும் உருப்படியாச் செய்ய மாட்டான்.

ஆனா எனக்கு மெஷின் அவசியம்னு ஆனது வேற காரணத்துக்கு. அதச் சொன்னாத்தான் நான் எதுக்கு இத்தனை பாடுபட்டுத் தேடுனேன்னு உங்களுக்குப் புரியும்.

சிற்றாறு மெல்லிசைக் குழு சுப்ரியான்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது என் வீட்டம்மாதான். நெசப்பேரு உலகம்மை. உலகம்மைன்னு மைக்ல சொன்னா கைதட்டு விழுமா தம்பி? கல்யாணமான வருசமே மாத்திட்டேன். ‘எங்க அம்மா வச்ச பேருங்க’ன்னு கொஞ்சம் மூக்க உறிஞ்சினா. மேடைக்கு மட்டுந்தான்னு சொன்னேன். பொறவு எனக்கு வீட்லயும் சுப்ரியான்னே வாயில வந்துட்டு.

குரலு எப்படிங்கீங்க? அம்மன் பாட்டுல உச்சத்துக்குப் போயி அவ ஒரு இழுப்பு இழுத்தா, கொட்டகைல ரெண்டு பொம்பளையாவது சாமியாடும். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல. குழுதான் எல்லாம். நான் கீபோர்டு, அவ பாட்டு, அந்தோணி மிக்கேல்னு ஒருத்தன் தபலா. மத்த ஆளுக வருவாங்க போவாங்க. நாங்க மூணு பேருதான் குழு.

போன தை மாசம் அவ கழுத்துல ஒரு கட்டி. நெல்லிக்கா அளவு. தைராய்டுன்னாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவ ரத்த டெஸ்டுக்குப் போன நேரம் டாக்டர் என்னைய உள்ள கூப்பிட்டாரு. நல்ல மனுசன்.

“கெட்ட கட்டி இல்ல. அவசரமும் இல்ல. ஆனா எடுத்துர்றது நல்லது. அவங்க வேலைக்கு எதுவும் போறாங்களா?”

“பாடுதா சார். மேடைப் பாடகி.”

கையில இருந்த பேனாவக் கீழ வச்சிட்டாரு. “அப்ப நான் கை வைக்கல. குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டிய ஒட்டிக்கிட்டுப் போகுது. மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ஆபரேஷன் நடக்கும்போதே அந்த நரம்பக் கவனிச்சிக்கிட்டே இருக்க ஒரு மெஷின் வச்சிருக்காங்க. கத்தி கிட்ட போனா மெஷின் சத்தம் குடுக்கும். அங்க கூட்டிட்டுப் போங்க. அவங்ககிட்டயும் இத வெவரமா சொல்லிருங்க”ன்னாரு.

விசாரிக்காம இருப்பேனா? போன் போட்டேன். அந்தம்மாட்ட வைகாசி கடைசிலதான் தேதி. சொல்லுங்க தம்பி, நீங்களும் குழு நடத்துதவருதானே. பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம், அத்தனையும் அதுக்குள்ள வந்துருது. நடுவுல கட்டி பெருத்துக் குரல் அடைச்சிக்கிட்டா யாரு பொறுப்பு? இன்னொரு ஆஸ்பத்திரில மாசியிலயே செஞ்சிரலாம்னாங்க. அங்க சேத்துட்டேன். அந்த டாக்டர்ட்ட இவ பாடுதவன்னு நான் சொல்லிக்கிடல. சொன்னா அவரும் மதுரைன்னு ஆரம்பிச்சிருவாரு.

நரம்பு சமாச்சாரத்த அவட்ட சொன்னியாடேன்னு எல்லாரும் கேக்காங்க. நீங்களும் அதக் கேக்காதீங்க. நான் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா இருந்தேனான்னு கேளுங்க. அதான் கேக்க வேண்டிய கேள்வி.

ஆபரேஷனுக்கு முன்னாடியே நாகர்கோவில்ல ஒரு ஸ்டுடியோவப் புடிச்சி, அவளக் கூட்டிட்டுப் போயி, மேடைல பாடுத பாட்டெல்லாம் வரிசையாப் பதிஞ்சிட்டேன். நாப்பது பாட்டு. இந்த முன்யோசனை எவனுக்கு வரும்? யூடியூப்ல போடப் போறோம்னு சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியல. “இத்தனை வருசத்துல என் குரல ஒருத்தரும் பதிஞ்சதில்லைங்க”ன்னு புதுச் சேலை உடுத்திக்கிட்டு வந்தா. ஸ்டுடியோவுல யாரு பாக்கப் போறா? தலை நெறைய பூ வேற. கட்டி வலிக்கும் போல, பாட்டுக்குப் பாட்டு சுடுதண்ணி குடிச்சா. ஒரு பாட்டு முடியவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலருந்து என்னையப் பாத்து, ‘சரியா?’ன்னு தலைய ஆட்டிக் கேப்பா. நான் ‘இன்னொருக்க’ன்னு வெரல நீட்டுவேன். எனக்குத் தெரியும்லா, இனி இந்தச் சந்தர்ப்பம் கெடைக்காட்டாலும் கெடைக்காதுன்னு. அதனால ஒவ்வொரு பாட்டுலயும் நான் வீம்பா இருந்தேன். ஒரு பிசிறு விடல.

ஆபரேஷன் முடிஞ்சுது. கட்டி போச்சு. குரலும் போச்சு.

பேச்சு வரும். ஈர வெறகு எரியுத மாதிரி. மேல ஏறாது. அவ மொதநாள் படுக்கையில கெடந்துக்கிட்டு, மெதுவா ஒரு ஸ்வரம் புடிச்சிப் பாத்தா. வரல. என்னையப் பாத்தா. வீக்கம் வத்துனா சரியாப் போகும்னேன். டாக்டரும் நம்பிக்கையாத்தான் பேசுனாரு. ஆறு மாசம் போகட்டும், குரலுக்குன்னு பயிற்சி இருக்கு, வாரத்துக்கு ரெண்டு நாளு பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டு வாங்க, பாதியாவது திரும்பும்னாரு. பாதிக் குரல வச்சி என்ன செய்ய? தவில் ஒரு பக்கம் கிழிஞ்சா மறுபக்கத்த வச்சி வாசிக்கவா முடியும்? அதும்போக, அந்த வாரங்கள்லதான் நான் மெஷினுக்காக அலைஞ்சிக்கிட்டிருந்தேன். ஒரு மனுசன் எத்தனை வேலைதான் பாப்பான்?

இப்போ மெஷினுக்கு வாரேன். இதக் கவனமாக் கேளுங்க.

வெறும் இசை டிராக்குன்னா, நடுவுல நின்னாக்கூட கீபோர்ட வச்சி சமாளிச்சிரலாம். குரலே டிராக்ல இருந்தா? மெஷின் நின்னா, மேடைல ஒருத்தி வாயத் தொறந்துக்கிட்டு நிப்பா, சத்தம் வராது. மானம் போயிரும். அப்பம் மெஷின் நிக்கவே கூடாது. பென்டிரைவ மிக்ஸர்ல நேராச் சொருகுதவன் இருக்கான். அது பாட்டுக்கு அடுத்த பாட்டுக்குத் தாவிரும். செல்போன்ல போடுதவனப் பத்தி நான் பேசவே மாட்டேன். நமக்கு வேண்டியது, மெமரிலருந்து வாசிக்கணும், பாட்டு முடிஞ்சா அங்கயே நிக்கணும், கால்ல மிதிச்சா அடுத்தது வரணும். ரெண்டு வழியாச் சத்தம் தனித்தனியாப் போகணும். ஒரு வழில பாட்டு சபைக்கு. இன்னொரு வழில தாளத்துக்கு ‘டிக் டிக்’குன்னு தபலாக்காரன் காதுக்கு மட்டும். அப்பத்தான் அவன் பாட்டோட ஒட்டி வாசிப்பான். பொறவு அதே மாதிரி இன்னொரு மெஷின், ரெண்டும் ஒண்ணாவே ஓடணும். ஒண்ணு செத்தா மத்தது அந்த நொடியில எடுத்துக்கிடணும்.

மெட்ராஸ்ல கடை கடையா ஏறி எறங்குனேன். ஓடிக்கிட்டிருக்கும்போதே வயரப் புடுங்கிப் பாத்தேன். கையில வச்சிக் குலுக்கிப் பாத்தேன். சித்திரை வெயில்ல மேடையில சுடுமேன்னுட்டு, கடை வாசல்ல வெயில்ல வச்சி ஓட விட்டேன். கடைக்காரரு, “அண்ணே, பொண்ணு பாக்குறவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்கண்ணே”ன்னாரு. “பொண்ணுன்னா நடுவுல சரி பண்ணிக்கிடலாம், மெஷின அப்படிப் பண்ண முடியாதே”ன்னேன். சிரிச்சிட்டாரு.

கடைசில ரெண்டு மாடல்ல வந்து நின்னுது. எதுன்னு எப்படி முடிவு பண்ண? மிதிச்சதுக்கும் சத்தம் வாரதுக்கும் நடுவுல கண்ணிமைக்குத நேரம் ஒண்ணு இருக்குல்லா, அது எதுல கம்மின்னு பாக்கணும். அதுக்கு ஆளு வாயசைக்கணும். அதனால அடுத்த தடவை சுப்ரியாவையும் கூட்டிக்கிட்டே போயிட்டேன். கழுத்துல தையல் தழும்பு தெரியாம ஒரு துண்ட சுத்திக்கிட்டு வந்தா. ரயில்ல உக்காந்தே வந்ததுல களைச்சிப் போயிருந்தா. கடை நடுவுல நிப்பாட்டி, “நான் மிதிச்சதும் வாயத் தொற”ன்னேன்.

அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. மெஷின் வாங்கப் போறோம்னுதான் கூட்டிட்டுப் போயிருந்தேன். மிதிச்சேன். அவ குரலு கடை முழுக்கக் கேட்டுது. நாகர்கோவில்ல பதிஞ்சது. அந்த அம்மன் பாட்டு, அந்த இழுப்பு. அவ வாயத் தொறக்கவே இல்ல. அப்படியே நின்னா. பொறவு மேல ஸ்பீக்கரப் பாத்தா, என்னையப் பாத்தா.

“இது யூடியூப்புக்குன்னு சொன்னீங்களே”ன்னா அந்த ஈர வெறகுக் குரல்ல.

“அதுக்கும்தான். இப்பம் வாயத் தொற.”

கடையில கிதார் பாக்க வந்தவனுவ எல்லாம் திரும்பிட்டானுவ. மிதிச்சேன், தொறந்தா. பிந்திட்டா. மறுபடியும். மறுபடியும். ஒரு தடவ சரியா ஒட்டிக்கிட்டு, கடைக்காரரே கைதட்டிட்டாரு. “நெசமாப் பாடுறமாதிரியே இருக்கும்மா”ன்னாரு. அவ கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. எனக்கும் சந்தோசத்துல கண்ணு கலங்கிட்டு, பொய் சொல்லல. அந்த மெஷின்தான் இது. அங்க மூடி போட்டு வச்சிருக்கேன் பாருங்க. தூசி படக்கூடாது. தொடாதீங்க, நான் எடுத்துக் காட்டுதேன்.

பங்குனி உத்திரத்துக்கு மேடை ஏறிட்டோம். ஒருத்தருக்கும் சந்தேகமே வரல. அவ மைக்க நான் மிக்ஸர்லயே அமத்திருவேன், டிராக் மட்டும் போகும். ஆபரேஷனுக்குப் பொறவு குரலு இன்னும் மெருகேறிட்டுன்னு சொன்னவனும் உண்டு. மிக்கேல் மட்டும் முணுமுணுத்துக்கிட்டே இருந்தான். காதுல ‘டிக் டிக்’ கேட்டுக்கிட்டு வாசிக்க அவனுக்கு வரல. “அண்ணாச்சி, மதினி மூச்சப் பாத்து வாசிச்சிப் பழகினவன் நான். இது என்னையக் கழுத்தப் புடிச்சித் தள்ளுது”ம்பான். “பழகிக்கிடு, இல்ல தபலாவையும் மெஷினுக்குள்ள ஏத்திருவேன்”னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். ஏத்தவும் ஏத்திட்டேன்னு வைங்க, அது பொறவு.

சுரண்டையில ஒரு வரவேற்பு. சாயங்காலம், நல்ல கூட்டம். பாதிக் கச்சேரில பொண்ணோட அம்மா மேடைக்கே ஏறி வந்துட்டாங்க. சுப்ரியா கையப் புடிச்சிக்கிட்டு, “இவ தொட்டில்ல கெடக்கும்போது, பேரு வச்ச அன்னைக்கு நீங்கதான் வந்து தாலாட்டுப் பாடுனீங்க. இன்னைக்கு அவளுக்குக் கல்யாணம். மியூசிக்கெல்லாம் வேண்டாம், அத ஒரு வரி பாடுங்கம்மா”ன்னாங்க. மைக்குல சபைக்கே கேக்குத மாதிரி சொல்லிட்டாங்க.

நாப்பது பாட்டுல அந்தத் தாலாட்டு இல்ல. யாரு கேப்பான்னு விட்டிருந்தேன். “அம்மா, அடுத்து உங்களுக்காக ஒரு அருமையான பாட்டு”ன்னு நான் சமாளிக்கப் பாக்கேன். அதுக்குள்ள இவ, அந்தம்மா கையில இருந்த மைக்க வாங்கிட்டா. அது நான் அமத்தாத மைக்கு.

பாட ஆரம்பிச்சிட்டா தம்பி. அந்தக் குரல்ல.

எப்படிச் சொல்ல? குரலு ஏற வேண்டிய எடத்துல ஏறல, அங்க அவ நிறுத்தி, கீழயே ஒரு வழி கண்டுபிடிச்சிப் போறா. காத்துதான் பாதி வருது. மிக்கேல் காதுல இருந்தத கழட்டி வீசிட்டு, ஒத்தை வெரலால தபலாவத் தட்டி அவ கூடவே போறான். சபையே கம்முனு ஆயிட்டு. சாப்பாட்டுப் பந்திலருந்து ஆளுக வாயில வச்ச சோத்தோட எட்டிப் பாக்காங்க. அமைதின்னா என்ன அர்த்தம்? மொகஞ் சுளிக்காங்கன்னு அர்த்தம். பொண்ணோட அம்மாவுக்குத் தாங்க முடியல, முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அழுதாங்க. கல்யாணப் பொண்ணும் எந்திரிச்சி நின்னுட்டா. நல்ல நாளும் அதுவுமா ஒரு வீட்ல எல்லாரையும் அழ வச்சிட்டாளேன்னு எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

மிதிச்சிட்டேன். அடுத்த பாட்டு. நல்ல குத்துப் பாட்டு, அவ பாடுனதுதான்.

மெஷினப் பத்திக் கேட்டீங்கள்லா? அந்த நொடியில வந்துது பாருங்க சத்தம்! ஒரு பிசிறில்ல. மேடையில அவ தாலாட்டப் பாடுதா, மேல ஸ்பீக்கர்ல அவளே குத்துப் பாட்டுப் பாடுதா. அவ நிறுத்தல. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, இன்னும் சத்தமாப் பாடப் பாத்தா. நான் வால்யூம ஏத்துனேன். அவ ஏத்துனா. நான் இன்னும் ஏத்துனேன். அவ எங்க, மெஷின் எங்க? குரலு கிழிஞ்சி இருமல் வந்துட்டு. அதுக்குள்ள பிள்ளைங்கல்லாம் மேடைக்கு முன்னால வந்து ஆட ஆரம்பிச்சாச்சு. வாலிபப் பயலுவ சிரிக்கானுவ, செல்போன்ல எடுக்கானுவ. “ஒரே ஆளு ரெண்டு வாயில பாடுதுடோய்”ங்கான். கலகலப்பாயிட்டு. சபையக் காப்பாத்தியாச்சு.

அவ மைக்க மெல்லக் கீழ வச்சிட்டு, மேடை ஓரமா ஒரு பெட்டி மேல போயி உக்காந்துக்கிட்டா. பாட்டு பாட்டுக்கு ஓடிச்சு. மிக்கேல் எந்திரிச்சி, சபை பாக்கப் பாக்க தபலாவத் துணியில சுத்தினான். “எங்க போற?”ன்னேன். “போறேன் அண்ணாச்சி”ன்னான், அவ்வளவுதான். பந்தியில கூட உக்காராமப் போயிட்டான். இத்தனை வருசப் பழக்கம், என்ன மரியாதை தெரிஞ்சவன் பாருங்க. பொண்ணோட அம்மா வந்து இவ கால்மாட்டுல உக்காந்து, இவ கையப் புடிச்சிக்கிட்டே இருந்தாங்க. என்ட்ட ஒரு வார்த்தை பேசல. ஆனா சாப்பாடு நல்லாப் போட்டிருந்தாங்க.

திரும்பி வரும்போது வேன்ல வச்சி கேட்டா.

“இப்படி ஆகும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஆகும்னு தெரியாது. ஆகலாம்னு தெரியும்.”

“டாக்டர் சொன்னாரா?”

“சொன்னாரு. இல்லாட்டி ஒன்னைய எதுக்கு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போறேன்?”

“மதுரைக்குப் போயிருக்கலாம்னு அன்னைக்கு ஆஸ்பத்திரில நர்சு ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கு வெளங்கல”ன்னா. பொறவு, “ஏன் என்ட்ட சொல்லல?”ன்னா.

நான் ஒளிக்கல தம்பி. பொண்டாட்டிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல. “சொன்னா பயந்திருப்ப. பயந்தா ஸ்டுடியோவுல குரல் நடுங்கிரும்”னேன்.

அதுக்குப் பொறவு அவ ஒண்ணும் கேக்கல. ஞாயம்னு பட்டிருக்கும்.

மேடைக்கு மட்டும் வரமாட்டேன்னுட்டா. ஒத்தை வார்த்தை, “மாட்டேன்”. புடிவாதம். நான் கோவப்படல, அடிச்சேன் வச்சேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். பிரின்சின்னு ஒரு பொண்ணு, டான்ஸ் கிளாஸ்ல ஆடுதவ. பாட்டுன்னா என்னன்னு தெரியாது, ஆனா வாயசைப்பு சுத்தமா வரும். பாக்கவும் லட்சணம். பேர மாத்தல. பேனர் அடிச்சது இருக்கு, எதுக்கு வீணாக்கணும்? சுப்ரியாவாவே ஏத்திட்டேன். மேடைச் சேலைகளையும் இவ பீரோவுலருந்து எடுத்துக் குடுத்தேன். ஜாக்கெட்ட மட்டும் புடிச்சித் தைக்க வேண்டியிருந்துச்சு.

ஒரு குறை. பிரின்சிக்கு மூச்சு எங்க எடுக்கணும்னு தெரியல. வாயி சரியா இருக்கும், ஆனா நெஞ்சு அசையாது, செலை மாதிரி நிப்பா. அத யாரு சொல்லிக் குடுக்க? நான் சுப்ரியாட்டயே கேட்டேன். மறுப்பான்னு நெனச்சேன். வந்து இந்த எடத்துலதான், நீங்க உக்காந்திருக்கீங்கள்லா, அங்கதான் உக்காந்தா. நான் மெஷின்ல பாட்ட ஓட விட்டேன். தன் குரலக் கேட்டுக்கிட்டே, அந்தப் புள்ளை நெஞ்சுல கைய வச்சி, “இங்க மூச்செடு… இங்க கண்ண மூடு… இங்க எனக்கு எங்க அம்மா நெனப்பு வரும், நீ சும்மா லேசாத் தலையச் சாய்”ன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தா. நாப்பது பாட்டுக்கும். அந்தப் புள்ளதான் நடுவுல எந்திரிச்சிக் கொல்லைக்குப் போயி அழுதுட்டு வந்துச்சு. சின்னப் புள்ளை, கஷ்டமான வேலைதான். இவ அழல. எனக்கு அன்னைக்குத்தான் மனசு நெறைஞ்சுது. என்ன ஒரு பெரிய மனசு!

ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுல பிரின்சிய மொதமொத மேடை ஏத்துனேன். வெளக்கு வைக்க நேரம். சுப்ரியா பொம்பளைங்களோட முன்வரிசையில உக்காந்திருந்தா. அம்மன் பாட்டு ஓடுது. அந்த இழுப்பு வந்ததும் ஒரு பாட்டிக்கு அருள் வந்துட்டு. பக்கத்துல இருந்த பொம்பளை இவட்ட, “ஏட்டி, இந்தப் புள்ளை ஒன்னைய மாதிரியே பாடுதே”ன்னாளாம். இவ என்ன சொன்னா தெரியுமா? “என்னையவிட நல்லாப் பாடுதா”ன்னாளாம். கேட்டவ வந்து என்ட்ட சொன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

மறுநாள் காலையில எந்திரிச்சிப் பாக்கேன், ஆளில்ல. கடையத்துல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. தாலிச் சங்கிலிய சாமி படத்துக்கு முன்னால கழட்டி வச்சிட்டுப் போயிருக்கா. பஸ்ல திருட்டுப் பயம், அதுக்காக இருக்கும். மிக்கேலு போயிப் பாத்துட்டு வந்தானாம். இனி வர மாட்டாங்கன்னு தெருவுல சொல்லிக்கிட்டுத் திரியுதான். அவனுக்கு என்ன தெரியும்? அக்கா வீட்ல தோட்டம் இருக்கு, நல்ல காத்து. ஒடம்பு தேறினதும் வந்துருவா.

நான் போன் போடாம இருக்கல. தெனம் போட்டேன். எடுப்பா, ஆனா பேச மாட்டா. மூச்சு மட்டும் கேக்கும். குரலுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காங்கள்லா. “சாப்பிட்டியா?”ன்னு கேப்பேன். மூச்சுத்தான். நானே எத்தனை நேரம் பேச? அவளுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னுட்டு, ஒரு நாளு மெஷின ஆன் பண்ணி, போன ஸ்பீக்கர் பக்கத்துல வச்சி மிதிச்சேன். அவ பாட்டு. அவளே கேக்கட்டும், அவ எப்பேர்ப்பட்டவன்னு.

வைக்கல தம்பி! முழுப் பாட்டையும் கேட்டா. முடிஞ்சதும் நான் அடுத்தத மிதிச்சேன். அதையும் கேட்டா. மூணாவது பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போது அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம். சேந்து பாட முயற்சி பண்ணாளோன்னு நெனைக்கேன். அவ அக்கா போன வாங்கி, “நீரு மனுசனாவே?”ன்னுட்டு வச்சிட்டா. அவளுக்கு என் மேல எப்பவும் ஆகாது.

மறுநாளு போட்டா, இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு வருது. மலையடிவாரம், டவர் கெடைக்காத ஊரு.

இந்தா, காபி வந்துட்டு. குடிங்க. குடிச்சிட்டு வாங்க, மெஷின ஓட விட்டுக் காட்டுதேன். எந்தப் பாட்டு வேணும்னு நீங்களே சொல்லுங்க, எல்லாம் இருக்கு.